மூக்கின் உள்வழிகளும் நாள்பட்ட சைனஸ் அழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட சைனஸ் அழற்சி உள்ளவர்களைச் சிகிச்சையைவிட அதிகமாகக் குழப்புவது அவர்கள் கையில் இருக்கும் சி.டி. ஸ்கேன் அறிக்கைதான். இடைச்சுவர் வளைவு, கோன்கா புல்லோசா, ஹாலர் செல் என்று வரிசையாகப் பெயர்கள். படித்தவுடன் தன் மூக்கே பழுதாகப் படைக்கப்பட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த அச்சம் தேவையற்றது என்று நம்புகிறேன். இந்த நோய் பெரும்பாலும் எலும்பின் வடிவத்தில் இல்லை, எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சளிச்சவ்வில் இருக்கிறது. எலும்பின் வடிவம் எங்கே முக்கியம், எங்கே முக்கியமில்லை என்று பிரித்துப் பார்க்கவே இந்தக் கேள்விகளும் பதில்களும்.

சைனஸ்கள் எத்தனை? எங்கே இருக்கின்றன?

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய அறைகளே சைனஸ்கள். பக்கத்துக்கு நான்கு தொகுதிகள் உண்டு. கன்னத்துக்குள் இருப்பது மேக்ஸில்லரி சைனஸ். நான்கிலும் பெரியது இதுதான். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கொள்ளளவு. புருவத்துக்கு மேலே நெற்றி சைனஸ். மண்டையோட்டின் நடுவே, மூக்கின் பின்கோடியில் ஸ்பீனாய்டு. இரு கண்களுக்கும் இடையில் எத்மாய்டு.

எத்மாய்டு ஒரே அறை அல்ல. பல சிற்றறைகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட தொகுதி. அளவில் சிறியதாக இருந்தாலும் இந்த நோயின் மையம் பெரும்பாலும் அதுவே. கன்னத்தில் வலிக்கிறது, நெற்றி கனக்கிறது என்று நோயாளி சொன்னாலும் சிக்கலின் தொடக்கம் பல நேரங்களில் எத்மாய்டின் முன்பகுதியில்தான் இருக்கும்.

ஒருவரது அமைப்பு இன்னொருவரோடு ஒத்துப்போகாது. ஒரே முகத்தின் இடமும் வலமும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்கு நெற்றி சைனஸ் ஒரு பக்கத்தில் வளர்வதே இல்லை. அதனால் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

இவை எதற்காக இருக்கின்றன?

மண்டையோட்டின் எடையைக் குறைக்க, குரலுக்கு எதிரொலி தர, அடிபடும்போது மூளையைக் காக்க என்று பல விளக்கங்கள் உண்டு. எதுவும் முடிந்த முடிவாக ஏற்கப்படவில்லை. சைனஸ் சவ்வு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை நிறைய உற்பத்தி செய்கிறது என்பதும், அது கிருமிகளுக்கு எதிராகச் செயல்படுகிறது என்பதும் மட்டும் தெளிவாகத் தெரிந்தவை.

கன்ன சைனஸின் வாசல் மேலே இருக்கிறதாமே? பிறகு சளி எப்படி வெளியேறுகிறது?

நல்ல கேள்வி. இதற்கான விடையைக் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கே நெடுங்காலம் ஆனது.

மேக்ஸில்லரி சைனஸின் இயற்கையான வாசல் அதன் தரையில் இல்லை. உட்சுவரின் உச்சியில், கண்குழிக்குச் சற்றுக் கீழே, சில மில்லிமீட்டர் அகலத் துளையாக இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கு, உள்ளே சேரும் சளி மேல்நோக்கி ஏறித்தான் வெளியே வர வேண்டும். அப்படித்தான் வருகிறது. சவ்வின் மேற்பரப்பு முழுவதும் சிலியா எனப்படும் நுண்ணிய குறுயிழைகள் இருக்கின்றன. அவை நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஒரே திசையில் அடிக்கின்றன. அவற்றைச் சுற்றி நீர்த்த திரவம் ஒன்றும் அதன் மேல் பிசுபிசுப்பான சளிப் படலம் ஒன்றும் இருக்கின்றன. இழைகள் நீர்த்த அடுக்கில் அசைந்து, நுனியால் மேற்படலத்தைத் தள்ளுகின்றன. தூசியும் கிருமியும் ஒட்டிக்கொண்ட அந்தப் படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் சைனஸின் தரையிலிருந்து சுவர்களின் வழியே ஏறி, நாலா பக்கமிருந்தும் அந்த ஒரே வாசலை நோக்கிக் குவிகிறது.

இது தெரியாத காலத்தில் வேறு தர்க்கம் ஆண்டது. சளி கீழே தேங்குகிறது, ஆகவே கீழே ஒரு துளை போட்டால் வடிந்துவிடும் என்று நினைத்தார்கள். 1893இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கால்டுவெல்லும், 1897இல் பிரான்சில் ஆன்றி லூக்கும் தனித்தனியே விவரித்த அறுவை சிகிச்சை அந்த வழியில் சென்றது. மேலுதட்டுக்கு அடியில் ஈறின் மேலாகக் கன்ன சைனஸைத் திறந்து, நோயுற்ற சவ்வைச் சுரண்டி எடுத்து, மூக்கின் அடிப்பகுதிக்குள் புதுத் துளை போடுவார்கள். பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது. ஆனால் மீந்த சவ்விலும் புதிதாக வளர்ந்த சவ்விலும் குறுயிழைகள் புதுத் துளையைப் பொருட்படுத்தவில்லை. பழைய வாசலை நோக்கியே சளியைத் தள்ளிக்கொண்டிருந்தன. அந்த வாசல் அடைபட்டிருந்தால் நோய் தொடர்ந்தது.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் இந்தச் சளிப் பாதைகளைப் பொறுமையாகக் கவனித்து வரைந்து காட்டினார். அவரது வழியைப் பின்பற்றி ஹெய்ன்ஸ் ஸ்டாம்பெர்கரும், அமெரிக்காவில் 1985 முதல் டேவிட் கென்னடியும் எண்டோஸ்கோப் எனும் மெல்லிய உள்நோக்குக் குழாய் வழியே இயற்கை வாசலையே விரிவாக்கும் சிகிச்சையைப் பரப்பினார்கள். இன்று நடக்கும் எண்டோஸ்கோபிக் சைனஸ் அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் அதுதான்.

இதே தத்துவத்தால் ஒரு விசித்திரமும் நேர்கிறது. சிலருக்கு இயற்கை வாசலுக்குச் சற்றுப் பின்னால் துணை வாசல் ஒன்று இருக்கும். இயற்கை வாசலின் வழியே வெளியே வந்த சளி, துணை வாசலின் வழியே மறுபடி உள்ளே நுழைந்து, மீண்டும் ஏறி, மீண்டும் வெளியே வரும். இந்தச் சுழற்சியை எண்டோஸ்கோப்பில் கண்ணாலேயே பார்க்கலாம்: பளபளப்பான சளிக் கயிறு ஒன்று ஒரு துளையிலிருந்து வளைந்து இன்னொரு துளைக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கும். அறுவை சிகிச்சையில் துணை வாசலை மட்டும் பெரிதாக்கி இயற்கை வாசலைத் தொடாமல் விட்டாலும் இதே நிலைதான் ஏற்படும்.

அறிக்கையில் ‘ஆஸ்டியோமியேட்டல் காம்ப்ளெக்ஸ் அடைப்பு’ என்று இருக்கிறது. அது என்ன?

மூக்கின் பக்கச் சுவரில் கீழ், நடு, மேல் என்று மூன்று சுருள் மடிப்புகள் உண்டு. இவை டர்பினேட்டுகள். கீழ் டர்பினேட் தனி எலும்பு. மற்ற இரண்டும் எத்மாய்டின் பகுதிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. கீழ் இடைவெளியில் கண்ணீர்க் குழாய் திறக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். பின் எத்மாய்டு, மேல் இடைவெளியில் வடிகிறது. ஸ்பீனாய்டு, அதற்கும் பின்னால் தனக்கென்று இருக்கும் ஒரு குழிவில் வடிகிறது.

மீதி எல்லாம் நடு டர்பினேட்டின் அடியில். கன்ன சைனஸ், நெற்றி சைனஸ், முன் எத்மாய்டு ஆகிய மூன்றும் இந்த ஒரே இடுக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே அன்சினேட் என்ற கொக்கி வடிவ மெல்லிய எலும்பு முன்னால் மறைப்பாக நிற்கிறது. அதன் பின்னால் எத்மாய்டு புல்லா என்ற உருண்டையான சிற்றறை. இரண்டுக்கும் நடுவே பிறை வடிவப் பிளவு. அந்தப் பிளவுக்குள் சென்றால்தான் கன்ன சைனஸின் வாசல். இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் சேர்த்து வைத்த பெயர்தான் ஆஸ்டியோமியேட்டல் காம்ப்ளெக்ஸ்.

இடம் குறுகலானது என்பதால் சவ்வு ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலே எதிரெதிர்ப் பரப்புகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் குறுயிழைகள் அசைய முடியாது. சளி தேங்கும், உள்ளே ஆக்சிஜன் குறையும், கிருமிகள் பெருகும், சவ்வு இன்னும் வீங்கும். பெரிய அறைகள் நோயுறுவதற்குச் சிறிய இடுக்கின் அடைப்பே காரணமாகிவிடுகிறது.

ஆனால் இந்த விளக்கத்தை எல்லாருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஒரு பக்கத்தில், ஒன்றிரண்டு சைனஸ்களில் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். இரு பக்கமும் எல்லாச் சைனஸ்களிலும் பரவி, சவ்வு வீங்கித் தொங்கும் பாலிப்புகளும் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு அடைப்பினால் அழற்சி வரவில்லை. அழற்சியால்தான் அடைப்பு வந்திருக்கிறது. ஐரோப்பிய வல்லுநர்களின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நோயை ‘ஓரிடத்தில் நிற்பது’, ‘பரவலானது’ என்று முதலிலேயே பிரிப்பது இதற்காகத்தான். உங்கள் நோய் எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின் போக்கே அதைப் பொறுத்து மாறும்.

எப்போது ‘நாள்பட்ட’ என்று சொல்கிறார்கள்?

12 வாரங்களோ அதற்கு மேலோ தொடர்ந்தால். மூக்கடைப்பு, சளி ஒழுகுதல் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். தொண்டைக்குள் வடியும் சளியும் இதில் அடங்கும். அதோடு முகத்தில் வலி அல்லது அழுத்தம், மோப்பம் குறைதல் போன்ற இன்னொரு அறிகுறியும் சேர வேண்டும். இவை மட்டும் போதாது. எண்டோஸ்கோப்பிலோ சி.டி. ஸ்கேனிலோ அழற்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அறிகுறிகளை மட்டும் கேட்டு ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் எழுதுவது சரியான மருத்துவம் அல்ல.

இடைச்சுவர் வளைந்திருக்கிறது என்கிறார்கள். அதை நிமிர்த்தினால் நோய் போய்விடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் மிகவும் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். தேவையில்லாத நம்பிக்கையும் தேவையில்லாத அச்சமும் அதிகமாகப் பிறப்பது இங்கேதான்.

மூக்கை இரண்டாகப் பிரிக்கும் சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. இரண்டும் சேரும் இடங்களில் வளைவோ கூரிய முனையோ இருப்பது சாதாரணம். முற்றிலும் நேரான இடைச்சுவர் உள்ளவர்கள்தான் அரிது. வளைவு உள்ள பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

வளைவு தொந்தரவு தருவது முக்கியமாக மூச்சோட்டத்துக்கு. நாசித் துவாரத்துக்குச் சற்று உள்ளே, மூக்கின் மிகக் குறுகலான வாயில் ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் அதை வால்வு என்பார்கள். அந்த இடத்தில் வளைந்திருந்தால் சிறிய வளைவும் பெரிய அடைப்பாகத் தோன்றும். பின்னால், ஆழத்தில் வளைந்திருந்தால் பெரிய வளைவும் உணரப்படாமல் போகலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பக்கம் குறுகினால், விரிந்த மறுபக்கத்தின் கீழ் டர்பினேட் பருத்து அந்த வெற்றிடத்தை நிரப்பும். அதனால் வளைவு இடப்பக்கம் இருக்க, நோயாளி வலப்பக்கம் அடைக்கிறது என்று சொல்வதும் உண்டு. பரிசோதிப்பவர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

சைனஸ் அழற்சி வேறு விஷயம். வளைந்த சுவர் நடு டர்பினேட்டை வெளிப்பக்கம் தள்ளி, முன் சொன்ன இடுக்கை நெருக்கினால் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் வளைவு மட்டுமே நாள்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. வளைவு ஒரு பக்கம், நோய் இரு பக்கமும் என்றால் வளைவைக் குற்றம் சொல்வதில் பொருளே இல்லை.

எனவே சுவரை நிமிர்த்தும் சிகிச்சைக்கு இரண்டு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தப் பக்கம் மூச்சு விடவே சிரமம். மற்றொன்று, வளைவு வழியை மறிப்பதால் எண்டோஸ்கோப்பும் கருவியும், பிறகு ஸ்ப்ரே மருந்தும், உள்ளே போக முடியவில்லை. ‘சைனஸ் அடியோடு போய்விடும்’ என்று யாராவது உறுதியளித்தால், அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

கோன்கா புல்லோசா, ஹாலர் செல், ஓனோடி செல் என்று பட்டியலே இருக்கிறதே?

இவை நோய்களின் பெயர்கள் அல்ல, அமைப்பின் வேறுபாடுகள். நடு டர்பினேட்டுக்குள் காற்றறை இருந்தால் அது கோன்கா புல்லோசா. நடு டர்பினேட் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் வளைந்திருப்பதும் உண்டு. கண்குழியின் தரைக்கு அடியில், கன்ன சைனஸ் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றறை நீண்டிருந்தால் ஹாலர் செல். எத்மாய்டின் முன்கோடியில், நெற்றி சைனஸின் வடிகால் அருகே இருப்பது அக்கர் நாசி. இது பெரும்பாலோருக்கு உண்டு.

இவை எல்லாம் சைனஸ் தொந்தரவே இல்லாதவர்களிடமும் சகஜமாகக் காணப்படுகின்றன. அறிக்கையைப் படிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்த அமைப்பை ஒட்டி வடியும் சைனஸ் நோயுற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஹாலர் செல் பெரிதாக இருந்து, அதே பக்கத்துக் கன்ன சைனஸ் மட்டும் நிரம்பியிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. கன்ன சைனஸ் காற்று மட்டுமே நிரம்பி, படத்தில் சுத்தமாகக் கறுப்பாக இருந்தால் அந்தப் பெயரை மறந்துவிடலாம்.

ஓனோடி செல் மட்டும் வேறு வகையில் முக்கியமானது. அது பின் எத்மாய்டு அறை ஸ்பீனாய்டுக்கு மேலாக வளர்ந்திருப்பது. பார்வை நரம்பு அதன் சுவரை ஒட்டியே செல்லும். நோயாளிக்கு அதனால் அறிகுறி எதுவும் இருக்காது. அறுவை சிகிச்சை செய்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்றார்கள். அது பாலிப்பா?

கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பருத்த கீழ் டர்பினேட்டையும் சதை என்கிறார்கள், பாலிப்பையும் சதை என்கிறார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

டர்பினேட் எல்லாருக்கும் இருக்கும் உறுப்பு. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது அதன் வேலை. இளஞ்சிவப்பாக இருக்கும், தொட்டால் உணர்ச்சி உண்டு. அடைப்பு நீக்கும் மருந்து இட்டால் சுருங்கும். பாலிப் அப்படியல்ல. தோல் உரித்த திராட்சையைப் போல வெளிறி, பளபளப்பாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். தொட்டால் பெரும்பாலும் வலிக்காது. அந்த மருந்துக்குச் சுருங்கவும் செய்யாது. இது பெரும்பாலும் நடு டர்பினேட்டின் அடியிலிருந்தும் எத்மாய்டிலிருந்தும் தொங்கி வருகிறது. நீர் கோத்து வீங்கிய சவ்வுதான் அது, புற்றுநோய் அல்ல.

இரு பக்கப் பாலிப் உள்ளவர்கள் பலருக்கு ஈயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் மிகுந்த அழற்சி இருக்கிறது. ஆஸ்துமாவும் கூடவே இருக்கலாம். பாலிப், ஆஸ்துமா இரண்டோடு ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளும் ஒத்துக்கொள்ளாமல் போவது தனி நோய்க்கூட்டம். வலி மாத்திரை சாப்பிட்ட பிறகு மூச்சிரைப்பு வந்த அனுபவம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டர்பினேட்டை மொத்தமாக வெட்டி எறிவது தீர்வல்ல. அளவுக்கு மீறி அகற்றப்பட்டவர்களுக்கு மூக்கு அகலமாகத் திறந்திருந்தும் மூச்சு போதவில்லை என்ற உணர்வும், வறட்சியும், பொருக்கும் வரக்கூடும். அளவைக் குறைப்பது ஒன்று, அகற்றுவது வேறொன்று.

ஒரு பக்கம் அடைக்கிறது, சில மணி நேரத்தில் மறுபக்கம் அடைக்கிறது. ஏன்?

இது பெரும்பாலும் இயல்பானது. இரு பக்க டர்பினேட்டுகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வீங்கிச் சுருங்குகின்றன. 1895இலேயே விவரிக்கப்பட்ட மூக்குச் சுழற்சி இது. ஆரோக்கியமானவர்கள் இதை உணர்வதில்லை. அழற்சியோ வளைவோ இருப்பவர்களுக்கு இடம் ஏற்கெனவே குறைவு என்பதால் அது தெரிகிறது. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருப்பதுதான் விசாரிக்க வேண்டியது.

மோப்பம் ஏன் போகிறது?

மோப்ப நரம்புகள் மூக்கின் கூரையில், இடைச்சுவரின் மேற்பகுதிக்கும் டர்பினேட்டுகளுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான பிளவில் இருக்கின்றன. வீக்கமும் பாலிப்பும் அந்தப் பிளவை மூடிவிட்டால் மணம் அங்கே எட்டாது. அதோடு அழற்சி நரம்புச் சவ்வையும் நேரடியாகப் பாதிக்கிறது. சாப்பாட்டில் சுவையே இல்லை என்று பலர் சொல்வதும் இதனால்தான். நாக்கு உணரும் இனிப்பும் உப்பும் புளிப்பும் கசப்பும் அப்படியே இருக்க, மணம் மட்டும் போயிருக்கும். சிகிச்சையில் மோப்பம் திரும்புவது, அழற்சி அடங்குகிறது என்பதற்கு நல்ல அடையாளம். இதை மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். சமையல் வாயு கசிவதை உணர முடியாதவருக்கு இது சிறிய குறை அல்ல.

தலைவலிக்கு சைனஸ்தான் காரணமா?

பல நேரங்களில் இல்லை. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறக்குறைய 3,000 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில், 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. முகத்துக்கும் சைனஸ்களுக்கும் உணர்ச்சி தருவது ஒரே முக்கிளை நரம்பு. மைக்ரேன் வரும்போதும் மூக்கடைப்பும் நீர்வடிதலும் வரலாம். குழப்பம் இயல்பே. வலி துடிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, குமட்டுகிறது, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ விட்டுவிடுகிறது, மூக்கு மற்ற நாட்களில் நன்றாக இருக்கிறது என்றால் சைனஸைவிட மைக்ரேனையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பாலிப் நிறைந்த மூக்குடையவர்கள் பலருக்கு வலியே இருப்பதில்லை.

ஒரு பக்கம் மட்டும் நோய் இருந்தால்?

கூடுதல் கவனம் வேண்டும். முதலில் பல். மேல்தாடையின் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. சிலருக்கு நடுவில் சவ்வு மட்டுமே இருக்கும். வேரில் சீழ் பிடித்தாலும், பல் பிடுங்கிய இடம் மூடாமல் போனாலும், நட்ட செயற்கைப் பல் உள்ளே துருத்தினாலும் அந்தப் பக்கத்துச் சைனஸ் நோயுறும். துர்நாற்றமான சளி ஒரு பக்கம் மட்டும் வந்தால் பல் மருத்துவரையும் பாருங்கள். மூக்குக்கு எத்தனை மருந்து கொடுத்தாலும் பல்லைச் சரிசெய்யாமல் இது தீராது.

அடுத்து பூஞ்சை உருண்டை. வழக்கமாக ஒரே சைனஸில், பெரும்பாலும் கன்ன சைனஸில் சேரும். மருந்துக்குக் கரையாது, அறுவை சிகிச்சையில் எடுத்தால் போதும், பொதுவாகப் பூஞ்சை மருந்துகூட வேண்டியதில்லை. ஒரு பக்கப் பாலிப் என்றால் கட்டியாக இருக்கக்கூடும் என்பதால் திசுப் பரிசோதனை தவிர்க்கக் கூடாதது. குழந்தைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் ஒழுகினால் மூக்குக்குள் ஏதாவது பொருள் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும்? மதிப்பெண் என்கிறார்களே, அது என்ன?

ஜலதோஷம் பிடித்திருக்கும்போது எடுக்காதீர்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேரை ஸ்கேன் செய்து பார்த்தபோது 27 பேரின் கன்ன சைனஸில் மாற்றம் தெரிந்தது. ஆன்டிபயாடிக் இல்லாமலே இரண்டு வாரத்தில் பெரும்பாலானவை மறைந்தன அல்லது குறைந்தன. அந்த நேரத்துப் படத்தை வைத்து ‘உங்களுக்கு நாள்பட்ட சைனஸ்’ என்று முடிவு கட்டுவது தவறு. சில வாரங்கள் முறையான மருந்து எடுத்த பிறகும் எது மீந்திருக்கிறது என்று பார்ப்பதற்கே ஸ்கேன் பயன்பட வேண்டும்.

லண்டு-மெக்கே மதிப்பெண் 1993இல் வந்தது. ஒவ்வொரு சைனஸும் தெளிவாக இருந்தால் 0, ஓரளவு நிரம்பியிருந்தால் 1, முழுதும் நிரம்பியிருந்தால் 2. ஆஸ்டியோமியேட்டல் இடுக்கு திறந்திருந்தால் 0, அடைத்திருந்தால் 2. இரு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 24. நோய் எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்று இது சொல்லும். எவ்வளவு துன்பப்படுகிறீர்கள் என்று சொல்லாது. 6 மதிப்பெண்ணோடு தூங்க முடியாமல் தவிப்பவரும் உண்டு, 18 மதிப்பெண்ணோடு இயல்பாக வேலைக்குப் போகிறவரும் உண்டு. எண்ணுக்குச் சிகிச்சை செய்வதில்லை, மனிதருக்குச் செய்கிறோம்.

ஆண்டுக்கணக்கான அழற்சி எலும்பிலும் தடம் பதிக்கும். சைனஸின் சுவர் தடித்து வெண்மையாகத் தெரிந்தால் நோய் நெடுநாளாக இருக்கிறது என்று பொருள். அத்தகையவர்களுக்குக் குணமாவதும் மெதுவாகவே நடக்கும்.

அறுவை சிகிச்சை கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்தா?

எல்லைகள் மெல்லியவை என்பது உண்மை. எத்மாய்டுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள எலும்புக்குப் பெயரே காகிதத் தகடு. காகிதம் அளவுக்கு மெலிந்தது. மேலே மூளையைத் தாங்கும் தளம். மோப்ப நரம்புகள் நுழையும் சல்லடைத் தகடு சிலருக்கு மேலோட்டமாகவும் சிலருக்கு ஆழமாகவும் இறங்கியிருக்கும். 1962இல் கெரோஸ் அதன் ஆழத்தை மூன்று வகையாகப் பிரித்தார்: 1 முதல் 3, 4 முதல் 7, 8 முதல் 16 மில்லிமீட்டர். ஆழம் கூடக்கூட அதன் மெல்லிய பக்கச் சுவர் கருவி படும் எல்லைக்குள் அதிகமாக நீள்கிறது. ஸ்பீனாய்டின் சுவரில் பார்வை நரம்பும் மூளைக்குச் செல்லும் பெரிய தமனியும் புடைத்துத் தெரியும். சிலருக்கு அவற்றின் மேல் எலும்பே இருக்காது.

இவை எல்லாம் சி.டி. படத்தில் முன்கூட்டியே தெரியும். படத்தை மூன்று கோணத்திலும் பார்த்துத் திட்டமிடும் அனுபவமுள்ளவரிடம் பெரிய சிக்கல்கள் அரிது. உங்கள் படத்தில் எந்த இடம் கவனத்துக்குரியது என்று அவரிடமே கேளுங்கள், காட்டி விளக்குவார்.

அறுவை சிகிச்சை செய்யாதவருக்கும் இதே மெல்லிய எல்லைகளால் ஓர் எச்சரிக்கை உண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்குதல், நெற்றியில் மெத்தென்ற வீக்கம், காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தண்ணீர் போன்ற தெளிந்த திரவம், குனியும்போது சொட்டினால் அதையும் தாமதிக்காமல் காட்டுங்கள். அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பாலிப் திரும்ப வருகிறதே?

வரலாம். கதவை அகலமாக்கினோம், உள்ளிருக்கும் சவ்வு அதே சவ்வுதான். பரவலான அழற்சி உள்ளவருக்கு அறுவை சிகிச்சை ஒரு தொடக்கம்: தேங்கியது வெளியேறுகிறது, பாலிப்பின் சுமை குறைகிறது, மருந்து சைனஸுக்குள்ளேயே போய்ச் சேர வழி பிறக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்தாமல் மருந்தை நிறுத்திவிட்டால் நோய் பழையபடி எழும். இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே நோயாளிக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாததால் ‘ஆபரேஷன் தோற்றுவிட்டது’ என்று மனமுடைந்தவர்கள் ஏராளம்.

எல்லாம் செய்தும் அடங்காத கடுமையான பாலிப் நோய்க்கு, அழற்சியின் சங்கிலியையே அறுக்கும் உயிரியல் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. டுபிலுமாப் என்ற மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி கிடைத்தது. பிறகு ஒமாலிசுமாபும் மெபோலிசுமாபும் சேர்ந்தன. எலும்பைத் தொடாமலே பாலிப் சுருங்குவதும் மோப்பம் திரும்புவதும் இந்த நோயின் வேர் எங்கே என்பதைக் காட்டுகின்றன.

குழந்தைக்கு நெற்றி சைனஸ் என்று சொல்லலாமா?

வயதைப் பொறுத்தது. பிறக்கும்போது இருப்பவை கன்ன சைனஸும் எத்மாய்டும், அவையும் மிகச் சிறியவை. நெற்றி சைனஸ் ஏழெட்டு வயதை ஒட்டித்தான் படத்தில் தெளிவாகத் தெரியத் தொடங்கும். பதின்வயதின் முடிவு வரை வளரும். சின்னக் குழந்தைகளுக்கு மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு வீக்கம் இதே அறிகுறிகளைத் தரும். பாலிப் உள்ள குழந்தைக்கு, சளியைக் கெட்டியாக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருக்கிறதா என்றும், பிறந்தது முதல் ஓயாத சளியும் காதுச் சீழும் உள்ள குழந்தைக்குக் குறுயிழைகள் பிறவியிலேயே செயலற்றவையா என்றும் பரிசோதிக்க வேண்டும்.

ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் எப்படிச் செய்தால் உரிய இடத்துக்குப் போகும்?

உடற்கூறு அறிந்தவருக்கு இதன் விடை எளிது. மருந்து போக வேண்டியது பக்கச் சுவருக்கு, இடைச்சுவருக்கு அல்ல. தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் ஸ்ப்ரேயைப் பிடித்தால் நுனி தானாகவே வெளிப்பக்கம், அதே பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். மெதுவாக உள்ளிழுங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இடைச்சுவரில் திரும்பத் திரும்பப் பட்டால் ரத்தக் கசிவு வரும். ஸ்டீராய்டு ஸ்ப்ரே பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் நிறுத்திவிட்டு ‘கேட்கவில்லை’ என்பது சரியல்ல. உடனே திறந்துவிடும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகளோ இதற்கு நேர்மாறானவை. சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அவையே அடைப்பை உண்டாக்கும்.

கழுவலை முதலில், ஸ்ப்ரேயைப் பிறகு செய்யுங்கள். சளிப் படலத்தின் மேல் தெளித்த மருந்து சவ்வைத் தொடாமலே போய்விடும். அறுவை சிகிச்சை செய்யாத மூக்கில் உப்புநீர் பெரும்பாலும் மூக்கறையைத்தான் கழுவும். வாசல்கள் திறக்கப்பட்ட பிறகே சைனஸ்களுக்குள் நன்றாகப் புகும். தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாகவோ வாலைவடித்ததாகவோ மட்டுமே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். நெக்லேரியா என்ற அமீபா கலந்த நீர் மூக்கின் கூரை வழியே, முன் சொன்ன சல்லடைத் தகட்டைக் கடந்து மூளைக்குச் சென்று உயிரைப் பறித்த நிகழ்வுகள் அரிதாக ஆனாலும் உண்மையாகவே நடந்திருக்கின்றன. பாட்டிலையும் ஒவ்வொரு முறையும் அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள்.